"வேதனையோடே பிள்ளை பெறுவாய்"ன்னு இருக்கே, அப்ப எபிடூரல் போட்டுக்கிட்டா தப்பா?

நெய்தல்பொண்ணு | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குதான் முதல்முதலா எழுதுதேன். எனக்கு இப்ப எட்டாவது மாசம், ரெண்டாவது பிள்ளை. முதல் பிரசவத்துல இடுப்பு வலி ஆரம்பிச்சு 19 மணி நேரம் ஆச்சு, இப்பவும் சில ராத்திரி அதை நினைச்சு முழிப்பு வந்துரும். கட்டிலோட இரும்புக் கம்பியை முறுக்கிப் பிடிச்சுட்டே இருந்ததுல உள்ளங்கை தோல் உரிஞ்சுபோச்சு, ஒரு வாரத்துக்கு பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட முடியல, எங்கம்மாதான் பாத்தாங்க. இந்தத் தடவை டாக்டரம்மாவே எபிடூரல் (வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி) பத்தி சொன்னாங்க, வேணும்னா முன்னாடியே சொல்லிரு, மயக்கமருந்து டாக்டரை வரச்சொல்லணும்னு.

வீட்டுல சொன்னேன். அத்தை சத்தம்லாம் போடல. பைபிளை எடுத்து ஆதியாகமம் 3:16 வாசிச்சாங்க, "நீ கர்ப்பவதியாயிருக்கும்போது உன் வேதனையை மிகவும் பெருகப்பண்ணுவேன், வேதனையோடே பிள்ளை பெறுவாய்". வாசிச்சுட்டு, கர்த்தர் சொன்னதை ஊசி போட்டு மாத்தப் போறியாட்டின்னு கேட்டாங்க. ஏழாம் மாச ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரரும் அதேதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க, ஒண்ணும் பேசல. ராத்திரி நான் அழுதப்ப, "அதே வசனத்துல அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்னும் இருக்கு, நான் என்னைக்காவது உன்னை அப்படி ஆண்டிருக்கேனா"ன்னு கேட்டாங்க. ஆறுதலா சொல்றோம்னுதான் அவங்க நினைச்சாங்க, ஆனா எனக்கு அது ஏதோ மாதிரி ஆயிருச்சு, வேணும்னா ஆண்டுக்கலாம், பெரிய மனசு பண்ணி விட்டு வச்சிருக்கேன்னு சொன்ன மாதிரி.

பைபிளை தூக்கி ஓரமா வைன்னு மட்டும் யாரும் சொல்லிறாதீங்க. எனக்கு அது வேதம். அதுல என்ன இருக்குன்னு புரிஞ்சாப் போதும்.

பழையபாதை | புதன், காலை 5:15

சகோதரிக்கு ஸ்தோத்திரம். எனக்கு 61 வயசு, ரெண்டு மகள் உண்டு, அதனால தகப்பன் மாதிரி எழுதுறேன். உங்க மாமியாரை முதல்ல தப்பா எடுத்துக்காதீங்க, வசனத்தைத் திறந்து வச்சுப் பேசுற மாமியார் கிடைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

மருந்து பாவம்னு நான் சொல்லமாட்டேன். லூக்காவை "பிரியமான வைத்தியன்"னுதான் பவுல் எழுதுறார். ஆனா வசனம் வசனம்தான். பாவம் உலகத்துக்குள்ள வந்ததுக்கு அடையாளமா தேவன் ஸ்திரீக்கு ஒண்ணு வச்சார், புருஷனுக்கு ஒண்ணு வச்சார். அதை அடியோட துடைச்சு எறியணும்னு நினைக்கிற மனசுதான் எனக்கு பயமா இருக்கு. என் மனைவி நாலு பிள்ளையையும் ஒரு ஊசி இல்லாம பெத்தா, ஒரு வார்த்தை முறுமுறுக்கல. 1 தீமோத்தேயு 2:15ல "பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள்"னும் இருக்கு.

அப்புறம் புருஷன் தலையா இருக்கறது 3ஆம் அதிகாரத்துல ஆரம்பிச்சது இல்ல. "முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள்"னு பவுல் சிருஷ்டிப்புல இருந்தே எடுக்கிறார். அதை தண்டனைன்னு சொல்லித் தள்ளிவிட முடியாது.

எபிரெயமாணவன் | புதன், பகல் 1:20

அக்கா, செமினரியில மூணாவது வருஷம் படிக்கிறேன், அய்யா அளவுக்கு அனுபவம் கிடையாது, ஆனா இந்த அதிகாரத்தை எபிரெய வகுப்புல வார்த்தை வார்த்தையா பிரிச்சோம், அதுல தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

ஒரு பென்சில் எடுத்து 3ஆம் அதிகாரத்தை வாசிங்க. "சபிக்கப்பட்ட"ன்னு வர்ற இடத்துல மட்டும் கோடு போடுங்க. 14ஆம் வசனத்துல பாம்புக்கு. 17ல பூமிக்கு. அவ்வளவுதான். ஏவாளுக்கு அந்த வார்த்தை இல்லவே இல்ல, ஆதாமுக்கும் இல்ல. நம்ம சபைகள்ல "ஏவாளின் சாபம்"னு எத்தனை பிரசங்கத்துல கேட்டிருப்போம், அந்த சொல் வசனத்துலயே இல்லன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

அடுத்தது இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுது. 16ல நம்ம பைபிள்ல முதல்ல "வேதனை"ன்னு வர்ற இடத்துல, மூல பாஷையான எபிரெயத்துல இட்சாவோன்னு ஒரு வார்த்தை இருக்கு. 17ல ஆதாமை பாத்து "வருத்தத்தோடே அதின் பலனைப் புசிப்பாய்"னு சொல்றாரே, அந்த வருத்தமும் அதே இட்சாவோன்தான். ஒரே வார்த்தை. தமிழ்ல ரெண்டு சொல்லா பிரிஞ்சதால நமக்கு ஒட்டு தெரியாமப் போச்சு. பழைய ஏற்பாடு முழுக்க அது மூணே தடவைதான் வருது, மூணாவது 5:29. நோவா பிறந்தப்ப அவங்கப்பா லாமேக்கு பேர் வைக்கிறார், கர்த்தர் சபித்த பூமியில "நம்முடைய கைகளின் பிரயாசத்திலும் இவன் நம்மைத் தேற்றுவான்"னு. அந்த பிரயாசம் இருக்கில்ல, அதுவும் இட்சாவோன். அதாவது ஒரு அப்பா கையில பச்சப்பிள்ளையை வச்சுக்கிட்டு, இந்த இட்சாவோன்ல இருந்து எங்களுக்கு ஒரு ஆறுதல் வரணும்னு ஆசைப்படுறார். அவர் ஆசைப்பட்டது தப்புன்னு வேதத்துல ஒரு இடத்துலயும் கிடையாது. நீங்க டாக்டரம்மாகிட்ட கேட்டதுக்கும் லாமேக்கு கேட்டதுக்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல அக்கா.

"ஆசை"ங்கிற வார்த்தை பத்தி தனியா எழுதணும், இப்ப வகுப்புக்கு மணி அடிச்சிருச்சு.

கரிசல்காட்டான் | புதன், இரவு 8:05

அய்யா பழையபாதை, மரியாதையோட ஒண்ணு கேக்கிறேன். நான் விளாத்திகுளம் பக்கம், 7 ஏக்கர் மானாவாரி. பூமி "முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும்"னு ஆதாமுக்கு சொன்னது எங்க ஊருக்கு வந்து பாத்தா நல்லா தெரியும், கம்மாய், ஓடை, தரிசு எல்லாம் சீமைக்கருவேலம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மணிக்கணக்குக்கு வாடகை குடுத்து ஜேசிபி வச்சு வேரோட பிடுங்கினேன். எங்க பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணித்தான் வேலையை ஆரம்பிச்சோம். முள் முளைக்கும்னு தேவன் சொல்லியிருக்கார், நீ எப்படி பிடுங்கலாம்னு ஒருத்தரும் கேக்கல. "முகத்தின் வேர்வையால் ஆகாரம் புசிப்பாய்"னு இருக்கேன்னு ஆபீஸ்ல ஏசி போட்டவனையும் யாரும் கேக்கல. ஆம்பளைக்கு சொன்னதுக்கு டிராக்டர், மோட்டார், களைக்கொல்லி எல்லாம் உண்டு, பொம்பளைக்கு சொன்னதுக்கு மட்டும் பல்லைக் கடிச்சுக்கோன்னா அது என்ன நியாயம்.

இது நானா யோசிச்சது இல்ல, என் வீட்டுக்காரி கேட்டது. அதையும் சொல்லிடறேன். கல்யாணம் ஆகி 9 வருஷம் அவ சம்பள ஏடிஎம் கார்டு என்கிட்டதான் இருந்துச்சு. அவ டீச்சர். நாப்கின் வாங்கக்கூட என்கிட்ட வந்து நின்னு கேப்பா, நான் சில்லறையா எண்ணிக் குடுப்பேன். குடிக்கிறவன் இல்ல, கை நீட்டினவன் இல்ல, அதனால நல்ல புருஷன்னு என்னை நானே நினைச்சிட்டு இருந்தேன், கேட்டா அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்னு வசனம் வேற. ஜேசிபி வந்த அன்னைக்கு சாயங்காலம் டீ கொண்டுவந்து வச்சிட்டு அவ கேட்டா, இந்த முள்ளும் அதே அதிகாரத்துலதான இருக்கு, இதை மட்டும் ஏன் பிடுங்குறீங்க? அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. மறுநாள் கார்டை அவ டிபன் பாக்ஸ் பைக்குள்ள வச்சேன். வாயால சொல்ல தைரியம் வரல.

லேபர்வார்டு25 | புதன், இரவு 11:50

டியூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தேன். நெய்தல்பொண்ணு, பிள்ளை, நான் 25 வருஷமா லேபர் வார்டுல நர்ஸா இருக்கேன், எத்தனை பிரசவம் பாத்தேன்னு கணக்கு இல்ல.

வலியைத் தாங்கித்தான் ஆகணும்னு சொல்றவங்க யாரும் கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்து நிக்கிற ஒரு பொண்ணோட முகத்தைப் பாத்தவங்க இல்ல. அந்த நேரத்துல கண்ணு நம்மளைப் பாக்காது, எங்கயோ பாக்கும். உதடு காஞ்சு வெடிச்சிருக்கும், ஒரு ஈரத்துணியால துடைச்சுவிட்டா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டாங்க. நான் சின்ன வயசுல வேலைக்கு சேர்ந்த ஆஸ்பத்திரியில சீனியருங்க கத்துற பொண்ணுங்களைப் பாத்து "அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்கு கசக்குதா"ன்னு கேப்பாங்க. நானும் கேட்டிருக்கேன். ஒரு பொண்ணு, 19 வயசுதான் இருக்கும், நான் அப்படி சொன்னதும் சத்தத்தை அப்படியே முழுங்கிட்டா, அப்புறம் பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. அது பொறுமைன்னு அன்னைக்கு நினைச்சேன். அது வெக்கம். அதுக்காக இன்னும் ஜெபத்துல மன்னிப்பு கேக்கிறேன்.

வேதத்துல நர்ஸுங்களுக்கு ஒரு இடம் இருக்கு, யாத்திராகமம் 1. சிப்பிராள், பூவாள்னு ரெண்டு மருத்துவச்சிங்க. எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லச்சொன்ன எகிப்து ராஜா பார்வோனோட பேர் அந்த இடத்துல இல்ல, இவங்க பேர் இருக்கு. எபிரெய ஸ்திரீகள் நல்ல பலமுள்ளவங்க, மருத்துவச்சி போறதுக்கு முன்னாடியே பெத்துடுறாங்கன்னு பார்வோன்கிட்ட சொல்றாங்க. எந்தப் பொண்ணும் கஷ்டப்பட்டாத்தான் வசனம் நிறைவேறும்னு அவங்க உக்காந்து பாத்துட்டு இருக்கல. தேவன் அந்த மருத்துவச்சிகளுக்கு நன்மை செய்தார்னு எழுதியிருக்கு.

எபிடூரல் பத்தி நேரடியா சொல்றேன். நடு முதுகுக்கு கீழ, எலும்புக்கு நடுவுல ஊசி வழியா ஒரு மெல்லிய டியூப் வச்சு அது வழியா மருந்து விடுவாங்க, முழிச்சுட்டுதான் இருப்பே, பிள்ளை அழுறது கேக்கும். பிரஷர் இறங்கலாம், அதனால அடிக்கடி பாப்பாங்க. கால் கனமா இருக்கும். முக்குற நேரம் கொஞ்சம் இழுக்கலாம். ரத்தம் உறையறதுல பிரச்சினை இருந்தாலோ, ரத்தம் இளக்கிற மாத்திரை எடுத்தாலோ போடமாட்டாங்க, அதையெல்லாம் இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடு. சில பேருக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மறுபக்கம் வலி இருக்கும், அப்ப டியூபை சரி பண்ணணும். வேணாம்னு நீயா முடிவு பண்ணினா அதுவும் சரிதான், எத்தனையோ பேர் அப்படியும் நல்லா பெத்துக்கிறாங்க. ஆனா அந்த முடிவை பயமுறுத்தி உன்கிட்ட இருந்து வாங்கக் கூடாது.

தபால்தலை | வியாழன், காலை 7:30

இந்த சண்டை ஏற்கனவே ஒரு தடவை நடந்து முடிஞ்சது. ஜேம்ஸ் யங் சிம்ப்சன்னு எடின்பரோல ஒரு பிரசவ டாக்டர், 1847 ஜனவரில முதல்ல ஈதர்ங்கிற மயக்கமருந்தை பிரசவத்துக்கு பயன்படுத்தினார், அதே வருஷம் நவம்பர்ல குளோரோஃபார்முக்கு மாறினார். வருஷக் கடைசியில, மத ரீதியான ஆட்சேபணைகளுக்கு பதில்னே ஒரு சின்ன புஸ்தகம் போட்டார். அவரும் தம்பி சொன்ன மாதிரி எபிரெய வார்த்தைக்குள்ள போய், இது பாடுபடுறது, உழைப்புங்கிற அர்த்தம்னு வாதாடினார். அதைவிட அழகா ஒண்ணு எடுத்தார், ஆதியாகமம் 2:21. ஆதாமோட விலா எலும்பை எடுக்கிறதுக்கு முன்னாடி தேவன் அவனுக்கு "அயர்ந்த நித்திரையை வரப்பண்ணினார்". அதுவும் பாவம் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அப்பவே தேவன் வலி தெரியாம தூங்க வச்சுத்தான் எடுத்தார்னு கேட்டார்.

1853 ஏப்ரல் 7, விக்டோரியா ராணி எட்டாவது பிள்ளை லியோபோல்டைப் பெத்தப்ப ஜான் ஸ்னோங்கிற டாக்டர் குளோரோஃபார்ம் குடுத்தார். இங்கிலாந்து சபைக்கே தலைவி அந்தம்மா. அதுக்கப்புறம் யார் வாய் திறப்பா. அதே ஸ்காட்லாந்துல 1591ல யூஃபேம் மக்கல்சீன்னு ஒரு பொண்ணை பிரசவ வலிக்கு மருந்து கேட்டதுக்காக உயிரோட எரிச்சாங்க, அங்க இருந்து இங்க வர இத்தனை வருஷம்.

எபிரெயமாணவன் | வியாழன், பகல் 12:45

அண்ணே, அந்த 1591 கதையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கலாம். அந்தம்மா மேல இருந்தது சூனியக் குற்றச்சாட்டு, ராஜாவுக்கு எதிரா சதி பண்ணினாங்கன்னு பெரிய வழக்கு, அந்த நீளமான பட்டியல்ல பிரசவ வலியைக் குறைக்க மந்திரம் தேடினாங்கங்கிறதும் ஒண்ணு. அதுக்காக மட்டும் எரிச்சாங்கன்னு சொல்லக் கூடாது. அதே மாதிரி சிம்ப்சன் காலத்துலயும் சபைகள் கூட்டமா எதிர்த்து நின்னதுக்கு பெருசா ஆதாரம் கிடைக்கலன்னுதான் பிற்பாடு தேடிப் பாத்தவங்க எழுதியிருக்காங்க, எதிர்ப்பு வரும்னு அவர் முந்திக்கிட்டு எழுதினதுதான் அதிகம். நம்ம பக்கம் நியாயம் இருக்கும்போது கதையைப் பெருசாக்க வேண்டிய அவசியம் இல்ல.

இப்ப "ஆசை" விஷயம். "உன் ஆசை உன் புருஷனைப் பற்றியிருக்கும்". எபிரெயத்துல தெஷுக்கா. இதுவும் மூணே இடம். இங்க, 4:7ல காயீன்கிட்ட "அவன் ஆசை உன்னைப் பற்றியிருக்கும், நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்"னு, அப்புறம் உன்னதப்பாட்டு 7:10ல "நான் என் நேசருடையவள், அவர் பிரியம் என்மேலிருக்கிறது". 1975ல சூசன் ஃபோன்னு ஒரு அம்மா, 4:7ஐ பக்கத்துல வச்சு வாசிச்சு, இது புருஷனை அடக்கி வைக்கணுங்கிற ஆசைன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. அது ரொம்பப் பரவி, 2016ல ஒரு பேர்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்புல "உன் ஆசை உன் புருஷனுக்கு எதிராக இருக்கும்"ங்கிற மாதிரி வசனத்தையே மாத்தினாங்க. இப்ப நம்ம ஊர் கன்வென்ஷன்லயும் அதைக் கேக்கலாம், பொண்டாட்டிங்க எல்லாம் புருஷனை ஆள பாக்கிறாங்க, அதனால புருஷன் ஆளணும்னு.

எனக்கு அது ஒத்துக்க முடியல. உன்னதப்பாட்டுல அதே வார்த்தை புருஷன் பக்கத்துல இருந்து பொண்டாட்டி மேல வருது, அங்க அடக்குறது எதுவும் இல்ல, வெறும் அன்புதான். 16ஆம் வசனம் சொல்ற துக்கம் எனக்கு இப்படித்தான் படுது: அவ மனசு அவனைத் தேடிப் போகுது, அவன் திரும்ப அன்பைக் குடுக்காம அதிகாரத்தைக் குடுக்கிறான். எத்தனை வீட்டுல இது நடக்குதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அது கட்டளையா இருந்தா பாம்பு குதிங்காலை நசுக்குறதும் கட்டளைன்னு சொல்லணும். நடக்கப் போறதை தேவன் சொல்றார், இப்படி நடங்கன்னு சொல்லல.

அய்யா, சிருஷ்டிப்பு ஒழுங்கு பத்தி நீங்க கேட்டது சரியான கேள்வி. ஆனா 2:18ல "ஏற்ற துணை"ன்னு வர்ற துணை, எபிரெயத்துல எசேர். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு 121ஆம் சங்கீதம் பாடுறோமே, அந்த ஒத்தாசை இதே வார்த்தைதான். தேவனுக்கே சொல்ற வார்த்தை. அதைக் கேட்டப்புறம் துணைங்கிறது கீழ இருக்கிறதுன்னு என்னால வாசிக்க முடியல.

கொள்ளிடக்கரை | வியாழன், மாலை 6:10

நாங்க கத்தோலிக்கங்க, நீங்க எல்லாரும் பேசுறதை வாசிச்சுட்டு எங்க பக்கத்தையும் சொல்லலாம்னு. 1956 ஜனவரி 8ல பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வலியில்லாத பிரசவம் பத்தி டாக்டர்களுக்கு ஒரு உரை குடுத்தார். ஆதியாகம வசனம் வலியைக் குறைக்கிற வழிகளைத் தடுக்கல, தாய்மார் அதைப் பயன்படுத்தலாம்னு தெளிவா சொன்னார், நிலத்தை உழுறதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச வசதிகளையும் பக்கத்துல வச்சுத்தான் பேசினார். கரிசல்காட்டான் அண்ணன் வீட்டம்மா கேட்டதும் அதேதான்.

எங்க திருவிவிலியத்துல அந்த வரி "அவனோ உன்னை ஆள்வான்"னு இருக்கு. அந்த "அவனோ"ல ஒரு வருத்தம் கேக்குது எனக்கு.

தையல்மூணு | வியாழன், இரவு 9:30

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எனக்கு மூணும் ஆபரேஷன். முதல் பிள்ளைக்கு நாடித்துடிப்பு இறங்கிருச்சுன்னு அவசரமா எடுத்தாங்க. ஒன்றரை மாசம் கழிச்சு கோயிலுக்குப் போனப்ப சபையில ஒரு பெரியம்மா பிள்ளையை வாங்கி முத்தம் குடுத்துட்டு, நீ வலியில்லாம பெத்தவ, உனக்கு தாய்ப்பாசம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்னாங்க. அவங்க மனசுல கெட்டது இல்ல, எனக்கு அது தெரியும். ஆனா பாட்டு முடிஞ்சு ஜெபம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து தையலைப் பிடிச்சுக்கிட்டே அழுதேன், இருமினா வயித்தைத் தலையணையால அமுக்கிப் பிடிக்கணும் அப்ப, அழுதாலும் அப்படித்தான். வலியில்லாம பெத்தேனாம்.

ராகேல் பென்யமீனைப் பெத்துட்டு எப்பிராத்தா வழியில செத்துப்போனா. இன்னைக்கா இருந்தா கத்தி வச்சுக் காப்பாத்தியிருப்பாங்களோ என்னமோ. அவ சாகணும்கிறதுதான் 3:16ஓட நிறைவேறுதல்னு சொல்ல யாருக்காவது வாய் வருமா?

லேபர்வார்டு25 | வியாழன், இரவு 11:20

தையல்மூணு, உன்னை நேர்ல பாத்தா கட்டிப்பிடிச்சிருப்பேன்.

நம்ம தமிழ்நாட்டுலயே இந்த வசனத்தோட ரெண்டு பாதியும் ஒரே ராத்திரில வந்து நின்ன கதை ஒண்ணு இருக்கு, எனக்கு நர்சிங் படிக்கும்போது சொன்னாங்க. 1890கள்ல திண்டிவனம். அய்டா ஸ்கடர் அப்ப இளம்பொண்ணு, மிஷனரி டாக்டரோட மக, இந்தியாவுல தங்கவே பிரியம் இல்லாம அப்பா அம்மாவைப் பாக்க வந்திருக்காங்க. ஒரே ராத்திரில மூணு வீட்டுல இருந்து மூணு புருஷன் வந்து கூப்பிடுறாங்க, எங்க வீட்டுல பிரசவம் கஷ்டமா இருக்கு, வந்து பாருங்கம்மான்னு. நான் டாக்டர் இல்ல, எங்கப்பா வருவார்னு இவங்க சொல்றாங்க. ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிடறாங்க. விடியும்போது மூணு பொண்ணும் செத்தாச்சு. அந்த ராத்திரிதான் அவங்க அமெரிக்கா திரும்பிப் போய் டாக்டருக்குப் படிக்கக் காரணம், 1900ல திரும்பி வந்து வேலூர்ல ஆரம்பிச்சாங்க, 1902ல ஆஸ்பத்திரி, 1918ல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்த மூணு பேரைக் கொன்னது பிரசவ வலி மட்டும் இல்ல. யார் வந்து பாக்கலாம்னு அவங்களைக் கேக்காம வாசல்ல நின்னு முடிவு பண்ணினதும்தான். எந்த மதம்னு இதுல பிரிக்க வேண்டாம், எல்லா வீட்டுலயும் அந்த வாசல் இருந்துச்சு. ஒரு கிறிஸ்தவப் பொண்ணு அதைப் பாத்துட்டு "வேதனையோடே பெறுவாய்"னு வசனம் சொல்லிட்டு படுத்துத் தூங்கல.

பழையபாதை | சனி, காலை 5:40

ரெண்டு நாளா எழுதல. கோபம் இல்ல. தம்பி சொன்ன மாதிரி பென்சில் எடுத்துக் கோடு போட்டுப் பாத்தேன், அவர் சொன்னது சரி.

வேற ஒண்ணு சொல்லணும். என் மனைவி முறுமுறுக்காம நாலு பெத்தான்னு எழுதினேன் இல்லையா. நேத்து ராத்திரி அவகிட்டயே கேட்டேன், கல்யாணமாகி 36 வருஷத்துல முதல் தடவை. மூணாவது பிள்ளைக்கு ரத்தப்போக்கு நிக்காம செத்துருவோம்னே நினைச்சாளாம். அதை என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். விசுவாசம் இல்லன்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன்னா. நான் அந்த வெராந்தாவுலதான் பைபிளோட உக்காந்திருந்தேன். உள்ள அவ என்னைப் பத்தித்தான் பயந்துட்டு இருந்திருக்கா.

புருஷன் தலைங்கிறதை நான் இன்னும் விடல, எபேசியர் 5ல அது இருக்கு. ஆனா அதே இடத்துல கிறிஸ்து சபைக்காக "தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார்"னு இருக்கு, அதுக்கு மேல 21ல "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்"னும் இருக்கு. சின்ன வயசுல இருந்து 22ல தொடங்கியே வாசிச்சுப் பழகிட்டேன். சகோதரி, நான் முதல்ல எழுதினதுல உங்களுக்கு பாரம் ஏறியிருந்தா மன்னிச்சிடுங்க. 1 தீமோத்தேயு வசனத்தை நான் அப்படி உங்க மேல போட்டிருக்கக் கூடாது, அதோட அர்த்தத்துல பெரிய பெரிய வேதபண்டிதருங்களே ஒத்துப்போகல.

கரிசல்காட்டான் | சனி, காலை 6:20

அய்யா, இதை எழுத எவ்வளவு மனசு வேணும்னு எனக்குத் தெரியும்.

நெய்தல்பொண்ணு | ஞாயிறு, மாலை 4:00 (ஐந்து வாரம் கழித்து)

பொண்ணு பிள்ளை. 3 கிலோ 100. வெள்ளிக்கிழமை காலைல பிறந்தா. எல்லாரோட ஜெபத்துக்கும் நன்றி, இந்த இழையை எத்தனை தடவை வாசிச்சேன்னு எனக்கே தெரியாது.

என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன். நீங்க எழுதினதை எல்லாம் நான் எங்க வீட்டுக்காரங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன், முக்கியமா பழையபாதை அய்யா கடைசியா எழுதினதை. அவங்க ரொம்ப நேரம் பேசல. மறுநாள் எழுந்திரிச்சு அத்தைகிட்ட, அம்மா இதை நாங்க ரெண்டுபேரும் டாக்டரும் முடிவு பண்ணிக்கிறோம்னு சொன்னாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அவங்க அத்தைகிட்ட அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல. அத்தை அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல.

சாயங்காலம் நான் போய் பக்கத்துல உக்காந்தேன். இட்சாவோன்லாம் எனக்கு சொல்லத் தெரியல. உங்களுக்கு எப்படி அத்தை பிறந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். ஊர்ல மருத்துவச்சிதானாம், கதவைச் சாத்திட்டு, வாயில முந்தானையைத் திணிச்சு விட்டாங்களாம், வெளிய மாமா, பெரிய மாமா எல்லாம் இருக்காங்க சத்தம் கேக்கப்பிடாதுன்னு. அவங்க மாமியா தலைமாட்டுல உக்காந்து இந்த வசனத்தைத்தான் சொல்லிட்டே இருந்தாங்களாம். "எனக்கு அது ஒண்ணுதாம்டி துணையா இருந்துச்சு, அது பொய்யின்னா நான் என்னத்தப் பிடிச்சுட்டு பெத்தேன்"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல, அவங்க கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். அவங்க மேல இருந்த கோபம் எல்லாம் போச்சுன்னு சொல்லமாட்டேன், ஆனா அதுக்கப்புறம் வேற மாதிரி ஆயிருச்சு.

வலி வந்தது வியாழன் ராத்திரி. அஞ்சு சென்டிமீட்டர்ல எபிடூரல் போட்டாங்க, அக்கா சொன்ன மாதிரியே முதல்ல இடது பக்கம் பிடிக்கல, அரைமணி நேரம் கழிச்சு சரி பண்ணினாங்க. துணைக்கு ஒரு பொம்பளையை விடலாம்னாங்க, எங்கம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதனால அத்தைதான் வந்தாங்க. கீழ் முதுகை நீவி விடவா விடவான்னு கேட்டுட்டே இருந்தாங்க. வலிக்கல அத்தைன்னு சொன்னப்ப அவங்களுக்கு கையை எங்க வைக்கன்னு தெரியல, கடைசில என் காலைப் பிடிச்சுட்டு நின்னாங்க, எனக்கு அந்தக் காலு மரத்துப்போய் இருந்துச்சு, பிடிச்சது கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. பிள்ளை வந்ததும் அத்தைதான் சத்தமா சொன்னாங்க, "கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்"னு. ஏவாள் சொன்னது. ஆதியாகமம் 4:1. வேதத்துல முதல் பிரசவத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு, வலியைப் பத்தி அங்க ஒண்ணுமே எழுதலன்னு இன்னைக்கு காலைல எடுத்து வாசிச்சப்பதான் பாத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம் லேபர்வார்டு அக்காவுக்கு. நேத்துல இருந்து தலைவலியா இருக்கு, தூக்கம் இல்லாததால இருக்குமோ?

லேபர்வார்டு25 | ஞாயிறு, மாலை 4:25

பிள்ளைக்கு என் முத்தம். முதல்ல தலைவலியைச் சொல்லு. எந்திரிச்சு உக்காந்தா அதிகமாகி, படுத்தா குறையுதா? அப்படின்னா அது ஊசி போட்ட இடத்துல இருந்து வர்ற தலைவலியா இருக்கலாம், சரி பண்ணிடலாம், ஆனா வீட்டுல வச்சுப் பாக்காதே. கண்ணு மங்கலா தெரியுதா, மேல் வயிறு வலிக்குதா, காய்ச்சல் இருக்கா, கை கால் முகம் வீங்கியிருக்கா? இதுல எது இருந்தாலும் நாளைக்குன்னு தள்ளாதே. இல்லன்னாலும் பிரஷர் ஒரு தடவை பாக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. நீ பிள்ளையை வச்சுட்டு உக்காரு, போனை உன் வீட்டுக்காரர்கிட்ட குடு, அவர் பேசட்டும்.

நெய்தல்பொண்ணு | ஞாயிறு, மாலை 4:31

ஆமா அக்கா, படுத்தா குறையுது. வேற எதுவும் இல்ல. போன் போட்டுட்டாங்க, உடனே வரச்சொன்னாங்க. அத்தை பிள்ளைத்துணியெல்லாம் எடுத்து வைக்காங்க.